உயிரெடை

செவ்வாய், அக்டோபர் 10

இன்று முதல் எழுதி வைக்கிறேன். நாளைக்கு என் மனைவியின் எடை குறைந்தால் யார் குறைத்தது என்பதற்கு ஒரு சாட்சி வேண்டும். தோல் வியாபாரி வருடா வருடம் கொடுக்கும் டைரி சும்மாதான் கிடக்கிறது. நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. கறி மடித்துக் கொடுக்கும் பேப்பரைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கற்றவன். பிழை இருந்தால் இருக்கட்டும், பொய் இருக்காது.

ராமுத்தாய்க்கு இரண்டு கிட்னியும் போய் இரண்டு வருடம் ஆகிறது. செவ்வாய், வெள்ளி டயாலிசிஸ். ரத்தத்தைச் சுத்தம் செய்து முடித்துக் கட்டிலைவிட்டு இறங்கும்போது ஐம்பத்திரண்டு கிலோ இருக்க வேண்டும் என்று முதல் மாதத்திலேயே டாக்டர் குறித்துவிட்டார். இன்றுவரை ஐம்பத்திரண்டு. வீட்டுக்கு வந்ததும் என் கறிக்கடைத் தராசில் ஏற்றி நானும் நிறுத்துப் பார்ப்பேன். அவளோடு சேர்ந்து ஊசி குத்திக்கொண்டவர்களெல்லாம் விறகாக வற்றிவிட்டார்கள். இவள் ஒரு கிலோ இறங்கவில்லை. யார் காப்பாற்றினார்கள்? டாக்டரா?

இன்று புதிதாக ஒரு மிஷின் கொண்டுவந்திருந்தார்கள். கையிலும் காலிலும் பட்டை ஒட்டி ஒயர் மாட்டினால் உடம்புக்குள் சதை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லுமாம். அதை இயக்குகிற பெண்ணின் பெயர் பிரிசில்லா. வயது என் அரிவாள்மணையின் வயதுகூட இருக்காது.

"ஐயா, அம்மா ஒடம்புல அஞ்சு லிட்டர் தண்ணி கூடுதலா நிக்கி. ஐம்பத்திரண்டு இல்ல, நாப்பத்தேழுதான் சரியான எடை. கொஞ்சங் கொஞ்சமா எறக்கணும்."

"யார் எறக்கணும்?"

"டாக்டர் சொல்லுதாங்க."

"அஞ்சு கிலோவ அறுத்து எடுத்துட்டு மிச்சத்தக் குடுப்பீகளோ? நான் அறுக்கிறவன். அஞ்சு கிலோன்னா எம்புட்டுன்னு எனக்குத் தெரியும்."

மேஜையில் ஓங்கி அடித்தேன். கண்ணாடி விரிசல் விட்டது. பழைய கண்ணாடி.

ராமுத்தாய் படுத்துக்கொண்டே, "என்னைய என்ன சந்தைக்கா கொண்டு போறீக? ஆளாளுக்கு எடை, எடைன்னு" என்றாள். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். நான் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

புதன், அக்டோபர் 11

புரட்டாசி. ஒரே ஒரு குட்டி அறுத்தேன், அதுவும் பாதி நின்றுவிட்டது. எலும்பு மிச்சம். சூப்பு வைத்துக் கொடுத்தேன்.

வெள்ளி, அக்டோபர் 13

ஐம்பத்தொன்றுக்கு இறக்கிவிட்டார்கள். கடைசி ஒரு மணி நேரத்தில் அவளுக்கு இரண்டு கெண்டைக்காலும் கல்லாக இறுகிவிட்டது. கழுத்தில் பாதி அறுபட்ட ஆடு காலை உதைக்குமே, அப்படி உதைத்தாள். வாந்தி. கண் மேலே செருகியது. மிஷினை நிறுத்து என்றேன். அங்கே வேலை செய்கிற ஒரு பையன் வந்து, "வெளிய இருங்க பெருசு, இது சகஜம்" என்றான்.

சகஜமாம். நான் அவனை அடிக்கவில்லை. தள்ளினேன். அவன் விழுந்த இடத்தில் கட்டில் இருந்தது அவன் நேரம். முன்பல் உதட்டைக் கிழித்துவிட்டது.

ஆட்டோவில் வரும்போது என் மகன் கனகவேல் அவள் காலை நீவிவிட்டுக்கொண்டே வந்தான். தீப்பெட்டி ஆபீசில் லீவு போட்டுவிட்டு அம்மாவை அழைத்து வருகிறவன், என் முகத்தைப் பார்க்க மாட்டான். வீட்டு வாசலில் மட்டும் சொன்னான்.

"யப்பா, சூப்பக் குடுக்காத. டாக்டர் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல தண்ணியே ஆகாதுன்னுருக்காரு. அதுல உப்பு வேற."

"தண்ணி குடிக்காம எந்த உசுரு பொழைச்சிருக்குலே?"



சனி, அக்டோபர் 14

எட்டயபுரம் சந்தை. தீபாவளிக்கு ஆடு சேர்க்க இப்போதே பார்த்து வைக்க வேண்டும். கொம்பையா என்று ஒரு வியாபாரி, எங்கிருந்தோ புதிதாக வருகிறான். ஒரு கிடாயைத் தராசில் தூக்கிக் காட்டி, "இருவத்தி ரெண்டு கிலோ, நீங்களே பாருங்க" என்றான்.

நான் தராசைப் பார்க்கிறவன் இல்லை. உயிரெடைக்கு ஆடு வாங்குகிறவன் ஏமாளி. உயிரெடை என்பது தோல், குடல், சாணி, தண்ணீர் எல்லாம் சேர்த்துத்தான். கறியெடை கையில் தெரியும். முதுகில் கை வைத்து, தண்டின் இரண்டு பக்கமும் கட்டை விரலால் அமுக்க வேண்டும். சதை இருந்தால் விரல் வழுக்கும். இல்லையென்றால் எலும்பு விரலைப் பிடித்து நிறுத்தும். பிறகு முன்னங்கால் பக்கம் ஒரு கை, தொடைப் பக்கம் ஒரு கை கொடுத்து ஒரு தூக்கு. போதும். இதில் நான் அரைக் கிலோ பிசகியது கிடையாது.

கொம்பையாவின் கிடாய்க்கு வயிறு தவில் போல விறைத்து நின்றது. முதுகில் விரல் போட்டால் தண்டு கணுக்கணுவாக எண்ணலாம். ராத்திரி உப்புப் போட்ட பிண்ணாக்கைத் தின்னக் கொடுத்து, காலையில் தாகத்துக்குத் தண்ணீர் காட்டியிருக்கிறான். பழைய களவாணித்தனம். ஆடு நின்ற இடத்தில் நிற்க முடியாமல் மூச்சு வாங்கியது.

"கறி எட்டு தேறாது. மிச்சம் தண்ணி" என்றேன்.

"தராசு பொய் சொல்லுமா பெரியவரே?"

தராசுக் கொக்கியாலேயே வாயில் ஒன்று வைத்தேன். ஒரு பல் வெளியே வந்தது. இனி அவன் சிரித்தாலே சந்தைக்காரர்களுக்கு அவனை அடையாளம் தெரியும்.

புதன், அக்டோபர் 18

ஐப்பசி பிறந்தது. கடைக்கு ஆள் வந்துவிட்டது. விடியலில் நான்கு ஆடு. கத்தி நன்றாகப் பேசியது.

செவ்வாய்க்கிழமை அவர்கள் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கால் எலும்பும் மூட்டும் போட்டுப் பெரிய சட்டி சூப்பு வைத்தேன். கறி போடவில்லை. நோயாளி வயிறு கறியைத் தாங்காது, கறியின் சாரம் சூப்பில்தான் இருக்கிறது.

"வேணாங்க. மூச்சு அடைக்கி" என்றாள்.

"குடி. அப்பதான் சதை பிடிக்கும்."

முகத்தைத் திருப்பினாள். தாடையைப் பிடித்தேன். குடித்தாள். ஒரு கை தட்டிவிட வந்தது, அதையும் பிடித்தேன். ஊசி போடுகிற கையாம், அதைப் பிடித்து நெருக்கக் கூடாதாம். அவள் அலறியது அதற்குத்தான். சூப்புக்கு இல்லை.

சாயங்காலம் தராசில் ஏற்றினேன். ஐம்பத்திரண்டரை. கால் முன்பைவிடத் தடித்திருக்கிறது. கொலுசைக் கழற்ற முடியாமல் கனகவேல் நகை வெட்டுகிற கத்தரியால் வெட்டி எடுத்தான். கொலுசு இருந்த இடம் பள்ளமாகவே நின்றது. உடம்பு ஏறுகிறது என்று அர்த்தம்.

வெள்ளி, அக்டோபர் 20

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். போலீஸ் எழுதியது வேறு மாதிரி இருக்கும்.

அந்தப் பெண் மறுபடியும் பட்டை ஒட்டினாள். ஒரு தாளை நீட்டினாள்.

"ஐயா, கோவிக்காமக் கேளுங்க. தராசு ரெண்டு வருஷமா ஒரே எடையக் காட்டுது, நெசந்தான். ஆனா உள்ள சதை கரைஞ்சிக்கிட்டே போயிருக்கு. கரைஞ்ச எடத்துல தண்ணி வந்து நின்னுக்கிட்டு. அதான் எடை அசையல. இப்படியே விட்டா தண்ணி நெஞ்சுல ஏறிரும்."

"ஏ புள்ள, ஒரு ஒயரு சொல்லுமா சதை எம்புட்டுன்னு?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு மெதுவாகத்தான் சொன்னாள், கேலியாக இல்லை. இப்போது எழுதும்போது அது தெரிகிறது.

"மிஷின நம்ப வேண்டாம் ஐயா. நீங்க கறிக்கடைதான? அம்மா முதுகுல கை வச்சுப் பாருங்க."

வார்டில் பத்துப் பேர் இருந்தார்கள். பத்துப் பேர் காதிலும் விழுந்தது.

"என் பொண்டாட்டி ஆடாடீ?"

சலைன் பாட்டில் தொங்குகிற கம்பி கைக்கு வந்தது. மிஷினைத்தான் அடித்தேன். முதல் அடியில் திரை போனது, இரண்டாவது அடியில் கீழே விழுந்தது. திருப்பி ஓங்கும்போது கம்பியின் முனை அந்தப் பெண்ணின் புருவத்தில் பட்டது. நான் குறி வைக்கவில்லை. ரத்தம் வெள்ளை உடுப்பில் வழிந்தது. அவள் அழவில்லை. ஒரு கையால் புருவத்தை அமுக்கிக்கொண்டு, இன்னொரு கையால் ராமுத்தாயின் ஊசி நகராமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டேஷனில் இருட்டும் வரை உட்கார வைத்தார்கள். அந்தப் பெண் புகார் வேண்டாம் என்றுவிட்டாளாம். யார் கேட்டது? நான் இனி ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டக் கூடாது என்று கையெழுத்து வாங்கினார்கள். போட்டேன். பெயரைப் பெரிதாகவே போட்டேன்.

செவ்வாய், அக்டோபர் 24

கேட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் நின்றேன். வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும் கேட்டைச் சாத்தினான். 

வெள்ளி, அக்டோபர் 27

ஐம்பது. இரண்டு கிலோவைக் களவு கொடுத்துவிட்டு வந்து நிற்கிறாள். காலைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவிலேயே அழுதாளாம். இதற்குப் பெயர் வைத்தியம்.

சூப்புச் சட்டியை அடுப்பில் ஏற்றினேன். கனகவேல் வந்து சட்டியோடு சாக்கடையில் கொட்டினான். கன்னத்தில் ஒன்று வைத்தேன். திருப்பி அடித்தான். பெற்ற பிள்ளை, முப்பத்தாறு வயதில், முதல் தடவையாக. காது இன்னும் இரைகிறது.

"நீ அம்மாவக் கொல்லுத யப்பா. ஆட்டக் கொன்னாலும் ஒரே வெட்டுல கொல்லுவ. இவளக் கொஞ்சங் கொஞ்சமாக் கொல்லுத."

ராமுத்தாய் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் படுக்கை உள் அறையில். நான் வீட்டின் முன்பக்கம் கடையில் படுக்கிறவன். எத்தனையோ வருடமாக அப்படித்தான். கறி வாடை அவளுக்கு ஆகாது.

வேறு சட்டி வாங்கிவிட்டேன்.

செவ்வாய், அக்டோபர் 31

இன்று அவளை அனுப்பவில்லை.

ஆட்டோ தெருமுனையில் வந்து நின்றது. நான் வாசலில் குறுக்கே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். மடியில் தொடை வெட்டுகிற கத்தி. அதைத் தீட்டிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

"எந்திரி" என்றான் கனகவேல்.

"எம்புட்டு எடுப்பானுக இன்னைக்கு? ரெண்டா, மூணா? எடுத்து எடுத்து எலும்பத் தருவானுக. நான் குடுக்க மாட்டேன்."

ஸ்டூலை எத்தினான். நான் விழுந்தபோது கத்தியைப் பிடுங்க வந்தான். கத்தியை அலகுப் பக்கம் பிடிக்கக் கூடாது என்று இந்த வீட்டில் பிறந்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வலது உள்ளங்கை குறுக்கே பிளந்தது. வாசல்படியில் ரத்தம், அவனுடையது. என் மண்டையிலிருந்தும் கொஞ்சம், படியில் இடித்தது. அப்போதும் நான் விடவில்லை. அவனும் விடவில்லை. தெரு கூடிவிட்டது.

ராமுத்தாய் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து நின்றாள். பேச மூச்சில்லை. ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"நான் போகல. எங்கயும் போகல. ரெண்டு பேரும் அதக் கீழ போடுங்க."

அவளே சொன்னாள். தெருவே சாட்சி. நான் தடுக்கவில்லை.

கனகவேலுக்கு ஒன்பது தையல்.

புதன், நவம்பர் 1

ஐம்பத்தைந்து. ஐந்து நாளில் ஐந்து கிலோ ஏற்றிக் காட்டியிருக்கிறேன். ஆனால் தராசில் நிற்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். படுக்க முடியவில்லை, உட்கார்ந்தே இருக்கிறாள். சூப்பு இறங்கவில்லை. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் ஹுக்கா போல ஒரு சத்தம். சளி பிடித்திருக்கும்.

வியாழன், நவம்பர் 2

கேட்டுக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் உதடு நீலமாகிவிட்டது. வாயோரம் நுரை, ரோஜா நிறத்தில். கனகவேல் ஓடி வந்தான். தூக்கப் பார்த்தான். கட்டுப் போட்ட கை. தையல் பிரிந்து ரத்தம் வந்ததுதான் மிச்சம். எங்கள் சந்துக்குள் ஆட்டோ வராது.

"நீ தூக்கு யப்பா" என்றான். "நீதான தூக்குவ. தூக்கு."

தூக்கினேன். ஒரு கை தொடைக்குக் கீழே, ஒரு கை முதுகுக்கு. எனக்கு வேறு விதமாகத் தூக்கத் தெரியாது.

கால் இரண்டும் தண்ணீர் கட்டிய தோல்பை. அமுக்கிய இடமெல்லாம் குழி. முதுகில் என் விரல் போய் நின்றது. சேலைக்கு மேலேதான், ஆனாலும் நின்றது. தண்டின் இரண்டு பக்கமும் அமுக்கிப் பார்த்தேன். பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. கை தானாகச் செய்தது. சந்து முழுக்கச் செய்துகொண்டே வந்தது. விலா எலும்புக்கும் விலா எலும்புக்கும் நடுவே விரல் உள்ளே போனது.

உயிரெடை ஐம்பத்தேழு இருக்கும்.

கறியெடையை இங்கே எழுத மாட்டேன்.

வெள்ளி, நவம்பர் 3

நாலு லிட்டர் எடுத்தார்கள். உயிர் இருக்கிறது.

ஞாயிறு, நவம்பர் 5

சூப்புச் சட்டியைக் கட்டையில் கவிழ்த்துப் போட்டுக் கத்தியின் பின்புறத்தால் தட்டையாகும் வரை அடித்தேன். கறி வாங்க வந்தவர்கள் தள்ளி நின்றார்கள். எலும்பை நாய்களுக்குப் போட்டேன். அவை ஒன்றையொன்று கடித்துக்கொண்டன.

கடைத் தராசை வெளியே வைக்கவில்லை. உள்ளே எடுத்து வைத்தேன். கறியை என்ன செய்வது, வேறு தராசு இரவல் வாங்கினேன்.

செவ்வாய், நவம்பர் 7

மரத்தடி. அந்தப் பெண் பிரிசில்லா கேட்டைத் தாண்டி என்னிடம் வந்தாள். புருவத்தில் பிளாஸ்திரி. நான் எழுந்திருக்கவில்லை.

"நாப்பத்தெட்டுக்கு வந்துட்டாங்க. மூச்சு பரவாயில்ல. தினமும் டயாலிசிஸ் போகுது."

நான் துண்டை உதறித் தோளில் போட்டேன்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். அம்மாவுக்குக் கறி குடுப்பீங்களா?"

"சூப்பு குடுத்தேன். அதான் எல்லாருக்கும் தெரியுமே."

"சூப்பு இல்ல. கறி."

"கறி செரிக்காதுல்ல."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எந்தப் போலீசும் பார்த்தது இல்லை.

"ரெண்டு வருஷமா அவங்களுக்குக் கறி குடுக்கவே இல்லையா? டாக்டர் கறி சாப்பிடச் சொல்லித்தான எழுதுனாங்க. சதைக்கு அதான் வேணும். வேகவச்சு, தண்ணிய வடிச்சுக் கொட்டிட்டு, உப்பில்லாமக் கறிய மட்டும் குடுக்கணும். நீங்க கறிய வெளிய வித்துட்டு வடிச்ச தண்ணிய வீட்டுக்குக் குடுத்துருக்கீங்க."

வாட்ச்மேன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது. யாரையாவது. எழுந்து மரத்தில் குத்தினேன். இரண்டு விரல் வீங்கியிருக்கிறது.

சாயங்காலம் இளந்தொடையில் நூறு கிராம் வேகவைத்து, வடித்து, டப்பாவில் வாட்ச்மேனிடம் கொடுத்தேன்.

சனி, நவம்பர் 11

நாளை தீபாவளி. சந்தையில் கால் வைக்க இடமில்லை. கொம்பையாவும் வந்திருந்தான், பல் இல்லாத வாயோடு. என்னைப் பார்த்ததும் தராசைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனான். சுற்றி நின்றவர்கள் வேடிக்கைக்குத் தயாரானார்கள்.

அவன் கையில் ஒரு கிடாய். வயிறு விறைப்பு, வாயில் நுரை, மூச்சு. முதுகைத் தொட்டேன். தொடத் தேவையில்லை.

"ஓட்டிட்டு வா" என்றேன்.

"பெரியவரே, இது..."

"தெரியும். ஓட்டிட்டு வா."

கடையில் முதலில் அதைத்தான் அறுத்தேன். ஒரே வெட்டு. தொங்கவிட்டு வயிற்றைத் திறந்து, உள்ளே விம்மிக்கொண்டிருந்த இரைப்பையில் கத்தியை விட்டேன். தண்ணீர் கொட்டியது. குடம் குடமாக, மஞ்சளாக, உப்பு நாற்றத்தோடு. என் கால் நனைந்தது, வாசல்படி வரை ஓடியது. கனகவேலின் ரத்தக் கறை படிந்திருந்த அதே படி. கிடாய் கொக்கியில் ஒட்டி உலர்ந்து தொங்கியது. ஒரு பிள்ளையின் சட்டை அளவு இருந்தது.

கனகவேல் உள்ளேயிருந்து வந்து பார்த்தான். ஆட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். இடது கையால் விளக்குமாற்றை எடுத்துத் தண்ணீரைத் தள்ளினான். நான் வாளியைப் பிடித்தேன். 

ஞாயிறு, நவம்பர் 12

தீபாவளி. கத்தியைக் கீழே வைக்க நேரமில்லை. ஆஸ்பத்திரிக்குக் கறி போனது.

செவ்வாய், நவம்பர் 14

கேட்டில் வாட்ச்மேன், "உள்ள போங்க" என்றான். யார் சொன்னது என்று கேட்டேன். பிரிசில்லா சிஸ்டர் என்றான். நான் போட்ட கையெழுத்து என்னவாயிற்று என்று கேட்டதற்கு, "போங்கன்னா போங்களேன் பெருசு" என்றான். விட்டுவிட்டேன்.

ராமுத்தாய் கட்டிலில் கோழிக்குஞ்சாகக் கிடந்தாள். நாற்பத்தாறு. முகம் ஒடுங்கி, கன்னத்து எலும்பு தெரிந்தது. கல்யாணத்தன்று பார்த்த முகத்தின் எலும்பு அதுதான். கால் பழையபடி கால் மாதிரி இருந்தது.

உடைந்த மிஷினுக்குப் பதிலாக வேறு ஒன்று வந்திருந்தது. பிரிசில்லா அதை என் கைக்கு எட்டாத பக்கம் வைத்தாள். புருவத்தில் தழும்பு, முடி இரண்டாகப் பிரிந்து நின்றது. அது இனி சேராது. அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை அவள் எதிர்பார்த்த மாதிரியும் தெரியவில்லை.

"அம்மாவ நேராப் படுக்க வைக்கணும். கொஞ்சம் தூக்கிப் பிடிங்க ஐயா."

முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்தேன். தூக்கினேன். கீழே வைத்த பிறகும் கை அங்கேயே இருந்தது.

ராமுத்தாய் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நாற்பத்திரண்டு வருடமாக என்னோடு இருக்கிறவள். சந்தையில் நான் எப்படிப் பிடிப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

"என்ன, பிடிச்சுப் பாக்கீகளோ?" என்றாள். "சொல்லுங்க. எம்புட்டுக் கறி இருக்கு?"

கனகவேல் என்னைப் பார்த்தான். பக்கத்துக் கட்டில்காரர் பார்த்தார். எனக்குத் தெரியும். விரல் வைத்த நேரமே தெரியும்.

"எங்கிட்ட என்னத்துக்குக் கேக்க?" என்றேன். "மிஷின் இருக்கு. அந்தப் புள்ளகிட்டக் கேளு, அது சொல்லும்."

பிரிசில்லா பட்டையை ஒட்டி, ஒயரை மாட்டி, திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எண்ணைச் சொன்னாள். நான் மனதில் வைத்திருந்ததும் அதுதான், கால் கிலோகூட வித்தியாசமில்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. கையை எடுக்கவும் இல்லை.